பத்தடிக்கு ஏழடி

பத்தடி நீளம், ஏழடி அகலம், இரண்டரை அடி உயரம். இருபத்தெட்டு வருஷமாக பீர் முகம்மது தைத்த குஷன்களில் இதுதான் பெரியது. ஆட்டோ சீட்டு, மினிபஸ் சீட்டு, லாரி டிரைவர் முதுகு சாய்க்கிற பலகை, மண்டபத்து மாப்பிள்ளை நாற்காலி என்று கோவில்பட்டியில் மனிதர் உட்காரும் சாமானில் பாதி அவருடைய 'பீர் குஷன் ஒர்க்ஸ்' தைத்ததுதான். ஆனால் கட்டிலையும் தாண்டிய குஷனை அவரும் இப்போதுதான் பார்க்கிறார். கடைக்குள் இடம் போதவில்லை. எட்டயபுரம் ரோட்டோரத்தில் தார்ப்பாயை விரித்து, ஆடிக் காற்றுக்கு ரெக்ஸின் பறந்துவிடாமல் நாலு மூலைக்கும் கல் வைத்துக்கொண்டு ஆறு நாள் தைத்தார்.

அது அவருடைய மகன் அஸ்லம் ஓட்டுகிற வண்டிக்கு.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நாலுவழிச்சாலையின் நடுவே அரளிச் செடிக்குத் தண்ணீர் விடுகிறவர்கள், ஓரத்து மண்ணைக் கூட்டி அள்ளுகிறவர்கள், கோடு போடுகிறவர்கள், இவர்களுக்குப் பின்னால் காவலுக்கு நிற்கிற ஆறு டயர் லாரி அது. பின்பக்கம் மஞ்சள் கறுப்புப் பட்டை போட்ட பெரிய பெட்டி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். மேலே அம்புக்குறி விளக்கு மின்னும். பின்னால் வருகிறவன் தூங்கிக்கொண்டோ செல்போனைப் பார்த்துக்கொண்டோ வந்து மோதினால், முதலில் அந்தப் பெட்டியில்தான் மோதுவான். பெட்டி நசுங்கும். மோதினவனும் பிழைப்பான், லாரிக்குள் இருக்கிற அஸ்லமும் பிழைப்பான், முன்னால் குனிந்து வேலை செய்கிற பெண்களும் பிழைப்பார்கள். பெட்டிக்குக் கம்பெனிக் காகிதத்தில் இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் இருந்தது. அதில் கடைசி வார்த்தை குஷன். அந்த வார்த்தைதான் வாயில் நுழைந்தது என்பதால் எல்லாரும் அதைக் குஷன் வண்டி என்றார்கள். வந்த வினை முழுக்க அந்த வார்த்தையால் வந்தது.

வைகாசிக் கடைசியில் ஒரு நாள், காலை பதினோரு மணிக்கு, நாலாட்டின்புத்தூர் தாண்டி ஒரு சிமெண்டு லாரி வந்து இடித்தது. டிரைவர் தூங்கிவிட்டான். பன்னிரண்டு அடிப் பெட்டி நாலடியாகச் சுருண்டது. சிமெண்டு லாரிக்காரன் உதட்டில் ரத்தத்தோடு தானே கதவைத் திறந்து இறங்கினான். அஸ்லமுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். ஐம்பது மீட்டர் முன்னால் மண் அள்ளிக்கொண்டிருந்த எட்டுப் பெண்களில் ஒருத்திக்குக்கூடக் கீறல் இல்லை.

அஸ்லம் கழுத்தில் பட்டையை மாட்டிக்கொண்டு மனைவி அல்ஃபியாவோடு அவள் அம்மா வீட்டுக்கு, புதியம்புத்தூருக்குப் போய்விட்டான். ஒன்றரை மாதம் ஓய்வு. அந்த இடைவெளியில்தான் சாலையைப் பராமரிக்கிற கம்பெனியின் சூப்பர்வைசர் காசிராஜன், கையில் ஒரு காகிதத்தோடு பீர் முகம்மதுவின் கடைக்கு வந்தார்.

"பாய், குஷன் போயிருச்சு. புதுசு வெளிநாட்டுல இருந்து வரணும், ஆறு மாசம் ஆவும்ங்கான். அதுவரைக்கும் லோக்கல்ல சரி பண்ணிக்கிடுங்கன்னு மேல இருந்து எழுதிட்டாவ. லோக்கல்ல குஷன்னா உம்மள விட்டா யாரு இருக்கா?"

"இடி தாங்கணுமே தம்பி."

"அதுக்குத்தான ஒம்மகிட்ட வந்தேன். லேத்துல சொல்லி ஆங்கிள் கம்பியில ஃபிரேம் வெல்டு வச்சாச்சு. அதுக்கு மேல நீரு நல்லா கெட்டியாப் போட்டுக் குடும்."

"எம்மவன் உக்காருத வண்டி. கொறையாவா வப்பேன்?" என்றார் பீர் முகம்மது.

குறையாக வைக்கவில்லை. அடியில் தேங்காய் நார்ப் பலகை மூன்று வரிசை. அதன்மேல் நாற்பது டென்சிட்டி ஃபோம். ஓரமெல்லாம் உள்ளே கயிறு வைத்துச் சுருட்டின பைப்பிங், இரட்டைத் தையல். மஞ்சளும் கறுப்பும் சாய்ந்து சாய்ந்து வருகிற பட்டை, ஒரு பக்கத்தில் முடிந்தது மறுபக்கத்தில் நூல் பிசகாமல் தொடங்கியது. தைத்து முடித்து உள்ளங்கையால் ஓங்கித் தட்டிப் பார்த்தார். கை எகிறித் திரும்பியது. மனதுக்குத் திருப்தியாக இருந்தது. மகனிடம் போனில் சொல்லவில்லை. வந்து பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை அஸ்லமும் அல்ஃபியாவும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். ஜும்மா முடிந்த கையோடு மகனை டிவிஎஸ் வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு பீர் முகம்மது கம்பெனி வண்டிகள் நிற்கிற யார்டுக்குப் போனார். அறுபது வயது மனிதர் வழியெல்லாம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு ஓட்டினார்.

யார்டில் வேப்பமரம்கூடக் கிடையாது. கரிசல் மண்ணில் ஜல்லியைக் கொட்டி மேடாக்கின இடம். அங்கே வெயிலில் குஷன் வண்டி புது ரெக்ஸின் பளபளக்க நின்றது.

"எப்பிடி?" என்றார்.

அஸ்லம் பின்பக்கம் போனான். ரெக்ஸினை விரலால் அழுத்தினான். குனிந்து அடியில் பார்த்தான். ஆங்கிள் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டினான். கழுத்துப் பட்டையோடு நிமிர்ந்தபோது முகம் ஒரு மாதிரி ஆகியிருந்தது.

"இது யாரு செஞ்சா அத்தா?"

"யாரு செஞ்சாவாம். தையலப் பாத்தாத் தெரியலையாலே?"

"அய்யோ அத்தா…"

"என்னலே?"

"இது குஷன் இல்ல அத்தா."

பீர் முகம்மதுவுக்குச் சுருக்கென்றது. "இருவத்தெட்டு வருசமா நான் என்னத்தத் தச்சிக்கிட்டு இருக்கேன், பூமாலையா? இது குஷன் இல்லியாம்லா."

காசிராஜன் ஆபீஸ் கொட்டகையிலிருந்து டீ கிளாஸோடு வந்தார். "வா அஸ்லம். கழுத்து எப்பிடி இருக்கு? பாத்தியா, ஒங்கத்தா கைவேலைய?"

"சார், பழைய பெட்டிக்குள்ள இருந்தது என்னதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா சார்? அலுமினியத் தகடு, தேனடை மாதிரி அடுக்கி வச்சிருந்தான். ட்ரெயினிங்ல நீங்களும் என் பக்கத்துலதான சார் உக்காந்திருந்தீங்க."

"நான் ரெண்டாம் நாளு வரலைல்லா. எங்க மைனி வீட்டுல காதுகுத்து."

"இதுல ஒருத்தன் வந்து இடிச்சா ஃபோம் கண்ண மூடி முழிக்கதுக்குள்ள அப்பளமாப் போயிரும். அப்புறம் ஆங்கிள் கம்பி நேரா வாரவன் நெஞ்சுல ஏறும். கம்பிக்கு இந்தப் பக்கம் லாரி, லாரிக்குள்ள நான். எனக்கு முன்னால அக்காமாரு."

"கத்தாதடே. நானா ஆசப்பட்டுச் செஞ்சேன்? லோக்கல்ல பாருன்னு எழுதிட்டான். லோக்கல்ல குஷன்னு கேட்டா யாரக் காட்டுவாவ, நீயே சொல்லு. ஒங்கத்தாவத்தான காட்டுவாவ?"

காசிராஜன் கெட்ட மனிதர் இல்லை. மேலே இருந்து வருகிற காகிதத்தைக் கீழே இறக்கிவைத்துவிட்டு மூச்சு விடுகிற ஆள். அப்படிப்பட்ட ஆட்கள் வரிசையாக நாலு பேர் நின்றால் போதும், எந்தக் கேள்வியும் யாரிடமும் தங்காமல் போய்விடும்.

வீட்டில் பதருன்னிசா மகன் வந்த நாளென்று ஆட்டுக்கறி ஆணமும் தேங்காய்ச் சோறும் ஆக்கியிருந்தாள். பீர் முகம்மது தட்டைத் தொடவில்லை.

"சாப்பிடுங்களேன். கறி ஆறுது," என்றாள்.

"எனக்கு வேண்டாம். நான் தச்சது குஷனே இல்லன்னு சர்ட்டிபிகேட்டு குடுத்துட்டான் ஒம்மவன். யார்டுல நாலு பேரு மத்தியில."

"அத்தா, ஒங்க வேலைய நான் மட்டம்னு சொல்லல."

"பின்ன என்னலே சொன்ன?"

அஸ்லம் எழுந்து அடுப்படிக்குப் போனான். ஒரு டஜன் தீப்பெட்டிப் பாக்கெட்டை எடுத்து வந்து, ஐந்தாறு பெட்டிகளைத் திறந்து குச்சிகளைத் தட்டில் கொட்டினான்.

"ஏலே, எதுக்குலே கொட்டுத? நமுத்துப் போயிரும்," என்று பதருன்னிசா சத்தம் போட்டாள்.

"இருங்கம்மா." வெறும் பெட்டிகளைத் தரையில் ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தினான். மூலையில் கிடந்த அத்தாவின் சுத்தியலை எடுத்து ஓங்கி இறக்கினான். பெட்டிகள் நொறுங்கின. சுத்தியல் தரையைத் தொடவில்லை, நசுங்கின அட்டையின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டது. பிறகு சோபாவின்மேல் அதே வேகத்தில் அடித்தான். சுத்தியல் எகிறிக் கையைத் திருகிக்கொண்டு திரும்பியது.

"பாத்தீங்களா? ஒங்க குஷன் அமுங்கும், அமுங்குனதும் திரும்ப எந்திரிக்கும். எந்திரிக்கணும், அதான் நல்ல குஷன். அந்தப் பெட்டி எந்திரிக்கக் கூடாது அத்தா. நசுங்கி நசுங்கி வாரவன் வேகத்த எல்லாம் அதுவே முழுங்கணும். ஒருக்க இடி வாங்குனா அதோட சோலி முடிஞ்சிது. தூரப் போட்டுட்டு வேற மாட்டணும்."

பீர் முகம்மது நசுங்கின தீப்பெட்டிகளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப நான் தச்சது எதுக்கு ஆவும்?"

"உக்கார ஆவும் அத்தா."

அதன்பிறகு அவர் சோற்றைப் பிசைந்தார். என்ன சாப்பிட்டார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. பதருன்னிசா தீக்குச்சிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பழைய டப்பா ஒன்றில் போட்டாள்.

"நீ அந்த வண்டிக்குப் போவாண்டாம். அவ்வளவுதான்," என்றாள். அல்ஃபியாவுக்கு ஐந்தாம் மாதம். புருஷனுடைய கழுத்துப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை யார்டுக்கு ஒரு அதிகாரி வந்தார். பாதுகாப்புத் தணிக்கை. வெள்ளைச் சட்டை, வெள்ளை ஹெல்மெட், பின்னால் போட்டோ எடுக்க ஒருவர். அஸ்லமும் போயிருந்தான். அதிகாரி வண்டியைச் சுற்றி வந்தார், விளக்குப் பலகை எரிகிறதா என்று பார்த்தார். பிறகு பின்பக்கம் வந்து ரெக்ஸினில் உள்ளங்கையை வைத்து இரண்டு தடவை அமுக்கினார்.

"நல்லா இருக்கே. யாரு செஞ்சது?"

"லோக்கல் சார்," என்றார் காசிராஜன்.

"ஃபினிஷிங் பிரமாதம்."

அஸ்லம் முன்னால் வந்தான். "சார், இது சீட்டுக்குப் போடுற குஷன் சார். ஆட்டோ சீட்டு சார். இதுல இடிச்சா ஒருத்தனும் பிழைக்க மாட்டான் சார்."

அதிகாரி காகிதத்தைப் புரட்டினார். "லோக்கல் ரிப்பேர்னு அப்ரூவ் ஆகியிருக்கே?"

"அப்ரூவ் ஆயிருக்கு சார். ஆனா உள்ள ஒண்ணும் இல்ல சார்."

"எழுதிக் கொடுங்க. பாக்கலாம்."

எழுதிக் கொடுப்பதற்குள் ஜீப் கயத்தாறு பக்கம் போய்விட்டது. அஸ்லம் விடவில்லை. குஷனைப் படம் பிடித்து, அடியில் இருக்கிற கம்பியைப் படம் பிடித்து, கம்பெனி கொடுத்திருந்த புகார் நம்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். செவ்வாய்க்கிழமை மத்தியானம் இங்கிலீஷில் பதில் வந்தது. அல்ஃபியா பி.காம். படித்தவள். அவள்தான் படித்துச் சொன்னாள்.

"குஷன் ஏற்கெனவே சரி பண்ணியாச்சு, தணிக்கையிலயும் ஓகே ஆயிருச்சு, அதனால ஒங்க புகார முடிச்சிட்டோம்னு போட்ருக்கு."

"அவ்வளவுதானா?"

"இன்னொண்ணும் இருக்கு." அவள் மறுபடி ஒருதரம் படித்துப் பார்த்துக்கொண்டாள். "சரியாயிட்டதால புதுக் குஷனுக்குப் போட்டிருந்த ஆர்டர ரத்து பண்ணிட்டாங்களாம்."

வாசலில் உட்கார்ந்து ஊசிக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்த பீர் முகம்மது தலையைத் தூக்கினார். "எந்தக் குஷன் சரியாயிட்டுன்னு சொல்லுதான்?"

"நீங்க தச்சது மாமா," என்றாள் அல்ஃபியா, தயங்கித் தயங்கி.

அவர் ஊசியைப் பெட்டிக்குள் வைத்தார். யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திருப்பிப் பேசி ஆறியிருப்பார்.

சாயங்காலம் செண்பகவல்லி வந்தாள். சாலையில் வேலை செய்கிற எட்டுப் பெண்களுக்கு அவள்தான் தலைவி மாதிரி. நாற்பத்தைந்து வயது, சேலைக்கு மேல் ஆரஞ்சுச் சட்டை, தலையில் கட்டின துண்டை அவிழ்க்காமலே வந்திருந்தாள். பதருன்னிசா கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள்.

"தம்பி, நாளைக்கி வண்டிய எடுத்துட்டு வா."

"அக்கா, அதுல ஒண்ணும் இல்லக்கா."

"எல்லாம் கேள்விப்பட்டேன். ஒன்றர மாசமா எங்களுக்குப் பின்னால என்ன நிக்குன்னு தெரியுமா ஒனக்கு? எட்டு பிளாஸ்டிக் கூம்பு, கம்புல ஒரு செவப்புத் துணி. ஆடிக் காத்துக்குக் கூம்பு நிக்க மாட்டேங்கு. ஒண்ணு பறந்துபோயி பைக்குக்காரன் மேல விழுந்து, அவன் எறங்கி எங்கள ஏசுதான். நேத்து ஒரு கார்க்காரன் எங்க பேச்சியோட கூடைய இடிச்சித் தூக்கிட்டுப் போயிட்டான். கூடதான் போச்சி. அவ கைய அப்பத்தான் எடுத்தா."

"அய்யோ," என்றாள் பதருன்னிசா.

"வண்டி வெறும் வண்டியா நின்னாலும் எங்களுக்கு ஒரு மறைப்பு. விளக்கு எரிஞ்சா நாலு பேரு ஒதுங்கிப் போவான்."

"ஒதுங்காதவன் வந்தா?"

"ஒதுங்காதவன் இப்பவுந்தான் வருவான். இப்ப நேரா எங்க முதுகுலதான வருவான்?"

"அப்ப எம்மவன் முதுகுல வரட்டுங்கியா?" என்றாள் பதருன்னிசா. குரல் உயரவில்லை. ஆனால் செண்பகவல்லிக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

"அப்பிடிச் சொல்வனா மைனி? எனக்கும் புள்ளைய இருக்கு. வேற எங்க போயிக் கேக்கன்னு தெரியாம வந்துட்டேன்."

அவள் போனபிறகு அல்ஃபியா மெதுவாகச் சொன்னாள். "நீங்க போவீங்கன்னு எனக்குத் தெரியும். போவாதீங்கன்னு சொல்லணும் போல இருக்கு, பேச்சி அக்கா கையும் ஞாபகத்துக்கு வருது. எனக்கு எரிச்சலா வருது."

"யாரு மேல?"

"அதாங்க தெரியல. அதான் எரிச்சலே."

புதன்கிழமை காலையில் அஸ்லம் போய்விட்டான். யாரையும் பார்க்காமல், சாப்பாட்டு வாளியைக்கூட எடுக்காமல் போனான். பதினொன்றரைக்குப் பதருன்னிசா வாளியைக் கட்டிப் புருஷன் கையில் கொடுத்தாள். "குடுத்துட்டு, அவன் நல்லா இருக்கானான்னு பாத்துட்டு வாங்க."

கயத்தாறுக்கு இந்தப் பக்கம் வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கே சாலைக்கு இருபுறமும் கண்ணுக்கு எட்டின மட்டும் கரிசல் வெடித்துக் கிடக்கும். உளுந்து விதைக்க மழையைப் பார்த்துக் காத்திருக்கிற மண். தூரத்தில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டே இருக்கும். நிழல் என்று ஒன்று கிடையாது. பறக்கிற லாரி ஒவ்வொன்றும் சூடான காற்றை முகத்தில் அடித்துவிட்டுப் போகும்.

பீர் முகம்மது சாலையோரம் வண்டியை நிறுத்தியபோது மகனுடைய குரல்தான் முதலில் கேட்டது.

"எக்கா, எந்திரிங்கக்கா! அங்கன உக்காராதிய! எத்தன தடவ சொல்லுதேன்!"

மத்தியானச் சாப்பாட்டு நேரம். எட்டுப் பெண்களும் குஷன்மேல் ஏறி, கால்களை நீட்டிக்கொண்டு, மடியில் தூக்குவாளியை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். லாரியின் பின்பலகை விரித்த நிழல் குஷன்மேல் ஓரடி அகலத்துக்கு விழுந்திருந்தது. அந்த ஓரடிக்குள் எட்டுப் பேரும் தலையை நுழைத்து நெருக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி படுத்தே விட்டாள்.

"ரெண்டு வாய் தின்னுட்டு எந்திரிக்கோம் தம்பி. தாரு ரோட்டுல உக்காந்தா வெந்து போவுது," என்றாள் செண்பகவல்லி. பிறகு பீர் முகம்மதுவைப் பார்த்துவிட்டாள். "வாங்க அண்ணாச்சி! நீங்க தச்சதாம்லா? கைவேலன்னா இது கைவேல. இந்த ரோட்டுல வேல பாக்க வந்து ஏழு வருசத்துல, இன்னைக்கித்தான் ஒரு எடத்துல சொகமா உக்காந்திருக்கேன்."

படுத்திருந்தவள் கண்ணை மூடிக்கொண்டே, "எந்திரிக்கவே மனசு வரல," என்றாள்.

சொகமா இருக்கு. இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பீர் முகம்மது இருபத்தெட்டு வருஷம் ஊசி பிடித்தார். புதுச் சீட்டில் ஆட்டோக்காரன் உட்கார்ந்து எழுந்து, மறுபடி உட்கார்ந்து, அதைச் சொல்கிறவரைக்கும் கடையை விட்டுப் போகவிட மாட்டார். இன்றைக்கு அது கேட்காமலே வந்தது. மேலே மஞ்சள் அம்பு மின்னிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து ஒதுங்கின ஒரு டிரெய்லர் லாரி பக்கத்தில் ஹாரனை அமுக்கிக்கொண்டு போயிற்று. எட்டுப் பேருடைய சேலையும் ஒரே பக்கமாகப் பறந்தது. ஒருத்திகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. தன் கையால் தைத்தது இவர்களை இங்கே ஏற்றி உட்கார வைத்திருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு முழுசாக உறைத்தது.

வாளியை அஸ்லமிடம் கொடுத்தார். டிவிஎஸ் வண்டியின் பையிலிருந்து ரெக்ஸின் வெட்டுகிற கத்தியை எடுத்தார்.

"எந்திரிங்கம்மா."

"என்ன அண்ணாச்சி?"

"எந்திரிங்கன்னு சொல்லுதேம்லா!"

அந்தச் சத்தத்தில் படுத்திருந்தவள் உருண்டு இறங்கினாள். அவர் மூலையில் கத்தியை வைத்து இரட்டைத் தையலை ஒரே இழுப்பாகக் கிழித்தார். பைப்பிங் பாம்பாகச் சுருண்டு விழுந்தது. நூல் பிசகாமல் சேர்ந்திருந்த மஞ்சளும் கறுப்பும் பிரிந்தன. ஃபோமை இரண்டு கையாலும் பிய்த்து எறிந்தார். காற்று துண்டுகளை நடுச்சாலை அரளிச் செடிமேல் கொண்டுபோய் மாட்டியது. நார்ப் பலகை வர மறுத்தது. அவரே ஒட்டினது அல்லவா, காலைக் கொடுத்து மிதித்துப் பெயர்த்தார்.

"அத்தா, விடுங்கத்தா, கைய வெட்டிக்கிடுவீங்க!"

"போலே அங்கிட்டு. நான் தச்சது, நான் பிரிக்கேன்."

காசிராஜனின் ஜீப் எதிர்த்திசையிலிருந்து திரும்பி வந்து நின்றது. இறங்கினவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "பாய்! என்னவே செய்யுதீரு? கம்பெனிச் சாமான்வே அது!"

பீர் முகம்மதுவுக்கு மூச்சு வாங்கியது. "குஷன் போயிருச்சு தம்பி. போட்டோ எடும்."

"என்னது?"

"போட்டோ எடுத்து மேல அனுப்பும். குஷன் டேமேஜ்னு எழுதும். சரியாயிட்டுன்னு இருந்தாத்தான ஆர்டர் போட மாட்டான்? இப்பச் சரியில்ல. யாரு கிழிச்சான்னு கேட்டா எம்பேர எழுதும். பீர் முகம்மது, குஷன் ஒர்க்ஸ், எட்டயபுரம் ரோடு."

காசிராஜன் வெறும் கம்பியாக நின்ற ஃபிரேமைப் பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை என்பதை அவர் முதல் தடவையாகப் பார்த்த மாதிரி இருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வரைக்கும் காற்றுதான் போய்வந்தது.

"இப்பிடிக் கெடந்தா வண்டிய ரோட்டுல விட முடியாதுவே. வேலைய நிறுத்தணும்."

"நிறுத்தும்."

"எங்க நாளு போச்சே அண்ணாச்சி," என்றாள் செண்பகவல்லி. கோபமா அழுகையா என்று சொல்ல முடியாத குரல். "நல்ல மனுசன்னு நெனச்சேன். நாளைக்கி எங்கள வேண்டாம்னுட்டா யாரு கேக்க?"

பீர் முகம்மது கத்தியைப் பையில் வைத்தார்.

காசிராஜன் போட்டோ எடுத்தார். போனில் யாரிடமோ ரொம்ப நேரம் பேசினார். 'ஆமா சார், டேமேஜ் சார், முழுசா சார்' என்று நாலு தடவை சொன்னார். பேசி முடித்து வந்தபோது முகம் தெளிந்திருந்தது. அவருக்கு ஒரு காகிதம் இறங்கிவிட்டது.

"ஆர்டர் போட்டாச்சா சார்?" என்றான் அஸ்லம்.

"அதப் பாக்கலாம்ங்கான். அதுவரைக்கும் லோக்கல்ல பாருங்கான்." காசிராஜன் பீர் முகம்மதுவின் பக்கம் திரும்பாமல் சொன்னார். "சாத்தூர்ல ஒருத்தரு நல்லா தைப்பாராம்லா."

அஸ்லம் சிரித்துவிட்டான். சிரிக்கிற நேரம் இல்லைதான். கழுத்துப் பட்டை இடித்தது, வலித்தது, அப்படியும் நிற்கவில்லை. பிறகு ஜீப்பின் சக்கரத்தை ஓங்கி ஓர் உதை உதைத்தான்.

பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி வேன் போயிற்று. பீர் முகம்மது சாலையோரத்துக் கரிசலில் குத்தவைத்து உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, கண்ணாடி இல்லாததால் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏலே, இதுல சாத்தூர் சுடலைக்குமார் நம்பர எடு."

அஸ்லம் பக்கத்தில் உட்கார்ந்து, வெயில் படாமல் போனைக் கையால் மறைத்துத் தேடி எடுத்துக் கொடுத்தான். அத்தாவின் உள்ளங்கையில் கத்தி பட்டு ரத்தம் காய்ந்திருப்பதை அப்போதுதான் பார்த்தான்.

"சுடல, நான் பீர் பேசுதேன். நல்லாருக்கியா? ஒங்கிட்ட பத்தடிக்கு ஏழடி ஒண்ணு தைக்கச் சொல்லி வருவாவ. மஞ்ச கறுப்பு. தைக்காத… நல்ல வேலதான், பெரிய வேல. தைக்காதன்னு சொல்லுதேன்… ஏன்னா நாம தைக்கது உக்காருததுக்கு. அது அதுக்கில்ல… நானா? நான் ஒண்ணு தச்சேன்."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்துப் பேச்சைக் கேட்டார். சரி சரி என்றார். வைத்துவிட்டுப் போனை மகனிடம் நீட்டினார்.

"அடுத்து விருதுநகர் எடு. அப்புறம் அருப்புக்கோட்ட. எட்டயபுரத்துல ரெண்டு பேரு இருக்கான்."